குரங்கு வேண்டாம் என்ற பிரிஞ்சி

போன வருடம் ஆடி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கல்வராயன் மலையில், கரியாலூருக்குப் பக்கத்தில் ஓர் அருவிக்கரையில் நடந்தது இது.

ஆடி மாதம் என்றால் எங்களைப் போன்ற தையல்காரிகளுக்கு ஈ ஓட்டும் மாதம். கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, ஜாக்கெட் தைக்க யார் வருவார்கள்? ஆவணி பிறந்துவிட்டால் கதையே மாறிவிடும். சாப்பிடும் நேரத்தில்கூட மெஷினைவிட்டுக் காலை எடுக்க முடியாது. அதனால் ஆடி முடிவதற்குள் ஒரு நாள், கடையில் இருக்கும் நாங்கள் நான்கு பேரும் வீட்டுக்காரர், பிள்ளைகள் யாரும் இல்லாமல் எங்கேயாவது போய், ஆளுக்கொன்றாகச் சமைத்து எடுத்துப்போனதைச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வருவது வழக்கம்.

எங்கள் கடை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். முதலாளி ஓர் அம்மாள்தான். துணி வெட்டுவது அவர் வேலை என்பதால் நாங்கள் அவரைக் கட்டிங் அக்கா என்போம். அவர் வாய்க்குப் பயந்தே பல பேர் ஜாக்கெட்டைத் திருத்தம் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். ஹூக் வைக்க, பட்டனுக்குக் காஜா எடுக்க ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். புதிதாகக் கல்யாணமானவள். துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறவள் என் சிநேகிதி. பத்தாம் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், இன்றைக்கும் அப்படியே உட்கார்ந்திருக்கிறோம், நடுவில் மெஷின் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நான்காவது ஆள் நான். எனக்கு ஒரு குணம் உண்டு. எதையும் ஏன், எப்படி என்று தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊர், என்ன வேலை, பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறார் என்பதையெல்லாம் அவர் இறங்குவதற்குள் கேட்டு முடித்துவிடுவேன். வீட்டில் எனக்கு வைத்திருக்கும் பெயர் விசாரணைக் கமிஷன்.

என் சிநேகிதியின் சமையலைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மதியம் அவள் டப்பாவைத் திறந்தால் பக்கத்து மொபைல் கடைப் பையன்கள்கூட எட்டிப்பார்ப்பார்கள். அவளும் தாராளக்காரி. எங்கள் மூன்று பேருக்கும் முதலில் ஒரு கரண்டி வைத்துவிட்டு, நாங்கள் வாயில் போடுகிறவரை பார்த்துக்கொண்டே இருந்து, அப்புறம்தான் தான் சாப்பிடுவாள். ஓவர்லாக் மெஷினை விட்டுவிட்டு விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிற வேலைக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. அந்த ஆடியில்தான் அது கூடி வந்திருந்தது. எங்கள் கடைக்குத் துணி கொடுக்கும் ஓர் அம்மாள், மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயக் குடும்பம், ஆவணி முதல் முகூர்த்தத்தில் பேரப்பிள்ளைகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். சிநேகிதியைப் பற்றி அவரிடம் எடுத்துச் சொன்னதே நான்தான். வெற்றிலை பாக்குக் கொடுத்து, பேசி முடித்தாகிவிட்டது. அந்த விசேஷம் நல்லபடியாக நடந்தால் அடுத்தடுத்து நான்கு வீட்டில் கூப்பிடுவார்கள். கெட்டுப்போனால் நம் ஊர்ப்பக்கம் அந்தப் பேச்சு சாகும்வரை சாகாது. அவளுக்கு அது தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எனவே அந்த வருடச் சுற்றுலாவுக்கு அவள் ஒரு நிபந்தனை போட்டாள். யாரும் எதுவும் எடுத்து வரக்கூடாது. காதுகுத்துக்குச் செய்யப்போகிற தேங்காய்ப்பால் பிரிஞ்சியை அவளே ஒரு குண்டான் செய்து எடுத்து வருவாள், நாங்கள் சாப்பிட்டுப் பார்த்து எப்படியிருக்கிறது என்று சொல்லவேண்டும். எங்களுக்குக் கசக்குமா? கட்டிங் அக்கா வெங்காயப் பச்சடிக்குத் தயிர் மட்டும் வாங்கிக்கொண்டார்.

விடியற்காலை, கரியாலூர் வழியாகப் போகும் வெள்ளிமலை பஸ். சிநேகிதி அலுமினியக் குண்டானைப் பழைய போர்வையில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். மூடியின் ஓரம் முழுக்க மைதா மாவைப் பிசைந்து ஒட்டியிருந்தாள். ஆவி வெளியே போகாமல் உள்ளேயே இருந்தால்தான் அரிசியில் மசாலா இறங்குமாம். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டே தீருவேன் என்றார். கட்டிங் அக்கா அவரிடம் இரண்டு நிமிடம் பேசினார். அதற்கப்புறம் அவர் எங்கள் பக்கமே வரவில்லை.

மலைப்பாதை வளைவுகள் ஆரம்பித்ததும் சின்னப் பெண்ணுக்கு வயிற்றைப் புரட்டியது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துப் பார்த்தாள், கண்ணை மூடிப் பார்த்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. ஜன்னலுக்கு எட்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். பஸ்ஸில் பாதிப் பேர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நானும்தான். என் சிநேகிதி மட்டும் சின்னப் பெண்ணின் முதுகைத் தடவிக்கொண்டு, இன்னொரு கையால் வேர்க்கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. உனக்கு ஒன்றும் பண்ணவில்லையா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எனக்கும் இரண்டு கடலையை நீட்டினாள்.

விசாரணைக் கமிஷன் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. யோசித்தால் இன்னும் சில விஷயங்கள் ஞாபகத்துக்கு வந்தன. கொஞ்ச நாள் முன்பு அவளுடைய மெஷின் மோட்டார் கருகி நாங்கள் மூன்று பேரும் எழுந்து ஓடினோம். அவள் அதே மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். புகை கண்ணில் பட்டபிறகுதான் எழுந்தாள். வேலையில் அவ்வளவு கவனம் என்று அன்றைக்குப் பெருமையாகப் பேசினோம். மல்லிகைப்பூ இல்லாமல் வாசல் தாண்டாதவள், இப்போதெல்லாம் கனகாம்பரம் மட்டும் வைக்கிறாள். ஏன் என்று நானே ஒருமுறை கேட்டு, விலை கம்மி என்று அவள் சொன்னதையும் நம்பியிருந்தேன். பஸ்ஸில் இதையெல்லாம் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். என்னவோ இடித்தது, என்னவென்று பிடிபடவில்லை. அதற்குள் கரியாலூர் வந்துவிட்டது.

முதல் நாள் மழையில் அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. குளித்தோம். கட்டிங் அக்கா தண்ணீருக்குள் போகமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டு, போனபிறகு வெளியே வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஈரத்தலையோடு ஒரு அகலமான பாறையில் வந்து உட்கார்ந்தபோது பசி காதை அடைத்தது. நான்கு வாழை இலையைப் போட்டோம். சிநேகிதி கரண்டிக் காம்பால் மாவைப் பெயர்த்து மூடியைத் திறந்தாள்.

ஆவி மேலே வந்தது. முதலில் பட்டை, கிராம்பு, புதினா வாசனைதான். மேலே நெய்யில் வறுத்த ரொட்டித் துண்டுகள், முந்திரி, பச்சைப் பட்டாணி. பார்க்கக் கண்கொள்ளாத அழகு. அதற்குப் பின்னாலேயே இன்னொரு வாடை வந்தது. பக்கெட்டில் ஊறவைத்து இரண்டு நாள் மறந்துவிட்ட துணியை எடுத்தால் வருமே, அந்த மாதிரி. நான் கட்டிங் அக்காவைப் பார்த்தேன். அவர் சின்னப் பெண்ணைப் பார்த்தார். சின்னப் பெண் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

சிநேகிதி ஒன்றும் தெரியாதவளாக மூன்று இலையிலும் தாராளமாக வைத்தாள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, முழு உருளைக்கிழங்கு, காலிஃப்ளவர் என்று அடியிலிருந்து மேல்வரை ஒழுங்காகக் கிளறி வைத்தாள். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. வழக்கம்போல எங்கள் எதிரில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

கட்டிங் அக்கா ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றார். அந்த வாய் சும்மா இருக்காதே, இப்போது என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்தேன். அவர் நன்றாக இருக்கிறது என்றார். வாடிக்கையாளர் முகத்துக்கு நேராக, உன் உடம்புக்கு இந்தக் கழுத்து ஒத்துவராது என்று சொல்லுகிற மனுஷி. நானும் ஒரு வாய் போட்டேன். நாக்கில் கொழகொழவென்று ஒரு பிசுக்கு. நல்லா இருக்குடி என்று சொல்லி விழுங்கினேன். சின்னப் பெண் ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டு, பாதி ஊறுகாயோடு பிசைந்து கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். பாவம், காலையிலேயே வாந்தி எடுத்தவள்.

எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்தால் யாருக்கும் வாய் வராது. அவள் காதுகுத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். இதே பக்குவம்தான், இதே அளவைப் பெருக்கிப் போடவேண்டியதுதான் என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் குண்டானின் கேடு எங்களோடு போய்விடும். காதுகுத்தில் பச்சைக் குழந்தைகள் சாப்பிடும். இவளுக்கு ஏன் தெரியவில்லை? ஒரு காலத்தில் மூன்றாவது வீட்டில் என்ன குழம்பு என்று கடை வாசலில் நின்றே சொன்னவள் ஆயிற்றே என்று யோசித்துக்கொண்டே இன்னொரு வாய் விழுங்கினேன். கேட்டிருக்கலாம். ஊரில் எல்லோரையும் எல்லாவற்றையும் கேட்கிற எனக்கு அங்கே வாய் அடைத்துவிட்டது.

கேட்டது குரங்குதான்.

அருவிப் பக்கம் குரங்குகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பெரிய குரங்கு எங்கள் பின்னால் இறங்கி வந்து, நாங்கள் திரும்புவதற்குள் குண்டானில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு எதிர்ப் பாறைக்குப் போய்விட்டது. சிநேகிதி விரட்டவில்லை. அதுவும் சாப்பிடட்டும் என்றாள். குரங்கு உட்கார்ந்தது. கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. மோந்து பார்த்தது. இன்னொரு முறை மோந்து பார்த்தது. பிறகு மொத்தத்தையும் பாறைமேல் போட்டு, கையைப் பாறையில் இப்படியும் அப்படியும் தேய்த்துத் துடைத்துக்கொண்டு போயே போய்விட்டது. முந்திரியைக்கூடப் பொறுக்கவில்லை.

சின்னப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். சிநேகிதி சிரிக்கவில்லை. பாறையில் கிடந்த சோற்றைப் பார்த்தாள், குண்டானைப் பார்த்தாள், ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"கெட்டுப் போச்சா?" என்றாள்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். கட்டிங் அக்காதான் சொன்னார்: "போச்சும்மா. மூடியத் தொறந்தப்பவே தெரிஞ்சிது."

"அப்புறம் ஏன் துன்னீங்க?"

"நீ ஆசையா தூக்கிக்கினு வந்தியே."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவளுக்கு வந்தது கோபம். "எனக்கு வாசனை தெரியாதுக்கா. அந்தக் கொரோனா ஜொரம் வந்து போனதுலருந்தே தெரியாது. உங்க மூணு பேரு மூஞ்சியப் பாத்துதான் நான் சமைச்சிக்கினு இருந்தேன்."

அவள் விடாமல் கேட்டாள். இன்றைக்கு மட்டும்தான் இப்படியா, இதற்கு முன்னாலும் இப்படிப் பொய் சொல்லியிருக்கிறோமா? நான் என்ன சொல்வது? சொல்லியிருக்கிறோம். வத்தக்குழம்பில் உப்பு வாரிக்கொட்டிய நாளில் அருமை என்றிருக்கிறோம். அடிபிடித்த பொங்கலை முறுகலாக இருக்கிறது என்றிருக்கிறோம். சிநேகிதம் என்றால் அதுதானே என்று நினைத்தோம். அவள் எங்கள் ஒவ்வொரு 'நல்லா இருக்கு'வையும் நம்பி, வீட்டுக்குப் போய், அதுதான் சரியான உப்பு என்று மனதில் பதித்துக்கொண்டிருக்கிறாள். மதியம் முதல் கரண்டியை எங்களுக்கு வைத்துவிட்டு எங்கள் வாயையே பார்த்தது தாராளத்தினால் மட்டும் இல்லை. அவளுக்கு வேறு வழி இல்லை.

நடந்தது என்னவென்றும் அப்போதுதான் தெரிந்தது. விடியற்காலையில் மிக்ஸி போட்டால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்கள் என்று ராத்திரியே தேங்காய்ப்பால் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள். மழையில் ராத்திரி முழுக்கக் கரண்டு இல்லை. வேறு யாராக இருந்தாலும் காலையில் பாத்திரத்தைத் திறந்ததுமே கீழே கொட்டியிருப்பார்கள். அவள் ஊற்றிவிட்டாள். தக்காளியும் தயிரும் சேர்ந்திருந்தன, நாக்கில் பட்ட புளிப்பு அதனால்தான் என்று நினைத்திருக்கிறாள்.

டாக்டரிடம் காட்டியதாகச் சொன்னாள். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வர நாளாகும், உறுதியாகச் சொல்லமுடியாது என்றாராம். தினமும் எழுந்ததும் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கை வைத்துப் பார்ப்பாளாம். அவள் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் சமையல் வேலைக்குப் போகாதே என்று சொல்லிவிடுவார் என்ற பயம். எங்களிடம் சொல்லாததற்கும் அதே பயம்தான். அதைக் கேட்டபிறகு அவளிடம் கோபித்துக்கொள்ள எங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

குண்டானை மூடி மறுபடி போர்வையில் சுற்றினோம். குரங்குக்கே ஆகாததை மலையில் கொட்டக்கூடாது என்று கட்டிங் அக்கா சொல்லிவிட்டார். வந்தபோது இருந்த கனம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பசிக்கு, அருவி வாசலில் இருந்த பெட்டிக்கடையில் மிளகாய் பஜ்ஜியும் அன்னாசித் துண்டும் வாங்கி, ஒரு மரத்தடியில் நின்று சாப்பிட்டோம்.

சிநேகிதிதான் முதலில் பேசினாள். அன்னாசித் துண்டைத் தூக்கிப் பிடித்து, இது எப்படி மணக்கிறது சொல்லுங்கள் என்றாள். சின்னப் பெண் ரொம்ப யோசித்து, அன்னாசி மாதிரி என்றாள். அவ்வளவுதான், சிநேகிதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம், கட்டிங் அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறவரை. சிரித்து முடித்தபிறகு எனக்கு அது விளையாட்டாக இல்லை. நிஜமாகவே எப்படி மணக்கிறது? நான் முயற்சி செய்து பார்த்தேன். தித்திப்பு மணம் என்றேன், அதில் கொஞ்சம் காரம் மாதிரி ஒன்று என்றேன், அதற்குமேல் வார்த்தை இல்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும் வழியெல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஈரப் பாறை, சாமை வயல், பக்கத்தில் போன ஜீப்பின் டீசல் புகை. நாங்கள் மூவரும் மாறி மாறி மோந்து பார்த்துத் திக்கித் திணறினோம். நாற்பது வயது வரை இந்த மூக்கை வைத்துக்கொண்டு என்னதான் செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவள் எப்படித்தான் இவ்வளவு நாள் சமைத்தாள் என்பதையும் கேட்டேன். இனிமேல் கேட்காமல் விடுவதாக இல்லை. கடுகு எத்தனை வெடித்தால் போதும் என்பது காதுக்குத் தெரியும். மசாலா வதங்கினால் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும், அது கண்ணுக்குத் தெரியும். அடிபிடிக்க ஆரம்பித்தால் கரண்டி கையில் லேசாக இழுக்கும். சிலநேரம் தப்பிப்போகும். கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கத்தான் வழியே இல்லை என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பெரிய வாக்குவாதம் நடந்தது. காதுகுத்து வீட்டு அம்மாளிடம் சொல்லவேண்டும் என்றார் கட்டிங் அக்கா. சொல்லவே கூடாது என்றேன் நான். நாங்கள் மூவரும் கூடப் போய் நின்று மோந்து பார்த்துவிட்டால் முடிந்தது, எதற்காக வலியப் போய் வந்த வேலையைக் கெடுத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டேன். சிநேகிதி குண்டானை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை எனக்குப் போன் செய்து, அந்தம்மா வீட்டுக்குப் போகிறேன், நீயும் வா என்றாள்.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய் இறங்கினோம். அந்தம்மாள் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். சிநேகிதி மோரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், குரங்கு வரைக்கும். நான் அந்தம்மாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரங்குக் கதைக்குச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"உனக்கு இன்னா தெரியும், இன்னா தெரியாது, அத மட்டும் சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். உப்பும் காரமும் நாக்குக்குப் பாதி தெரியும், பக்குவம் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும், ஊசிப்போனது தெரியாது என்றாள். அந்தம்மாள் ரொம்ப நேரம் யோசித்தார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் அதில் ஒரு தப்பும் சொல்லமுடியாது. அவர் பேரப்பிள்ளைகள், அவர் வீட்டு விசேஷம்.

கடைசியில் அவர், தேங்காய்ப்பால் சமாச்சாரம் வேண்டாம், பிரிஞ்சியை விட்டுவிட்டுச் சாம்பார், காரக்குழம்பு, பாயசம் என்று சாதாரணமாகச் செய் என்றார். அதற்கப்புறம் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. "மோந்து பாக்க ஒருத்திய கூட்டிக்கினு வா. பொய் சொல்லாதவளாப் பாத்துக் கூட்டிக்கினு வா."

நான் வருகிறேன் என்று உடனே சொன்னேன். சிநேகிதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கட்டிங் அக்காவைக் கூட்டி வருவதாக அவரிடம் சொன்னாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடச் சிநேகிதம், உனக்காக எவ்வளவு பேசியிருப்பேன், என்னைவிட அந்த அக்காவா உனக்குப் பெரிது என்று கேட்டுவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எனக்குக் கஷ்டம் வரக்கூடாதுன்னு பாக்கறவடி. அது சமையலுக்கு ஆவாது" என்றாள்.

கட்டிங் அக்காவும்தான் அன்றைக்குப் பொய் சொன்னார், ஆனால் கேட்டதும் உண்மையைச் சொன்னது அவர். அவள் கேட்டபிறகும் நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தவள். கரும்பு லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. புழுதிக்குக் கண்ணைத் துடைப்பதுபோல் நானும் துடைத்துக்கொண்டேன்.

ரோஷம் இருந்தாலும் காதுகுத்துக்குக் காய் நறுக்கும் வேலைக்குப் போனேன். எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் என்னால் இருக்கமுடியாதே. கட்டிங் அக்கா நாற்காலி போட்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பால், நெய், பருப்பு, காய் என்று ஒவ்வொரு பாத்திரத்தையும் மூக்குக்குக் கொண்டுவரச் சொல்லி, ஜாக்கெட் துணியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்தார். சிநேகிதி மறுபேச்சுப் பேசவில்லை.

சாம்பார் கொதித்து இறக்குகிற நேரத்தில் கட்டிங் அக்காவை அந்த வீட்டுக்காரர்கள் எதற்கோ கூப்பிட்டுவிட்டார்கள். பந்தியில் ஆட்கள் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். சிநேகிதி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு கரண்டி சாம்பாரோடு நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தாள். வேர்த்து வழிந்த முகம், புகையில் சிவந்த கண்கள். அவளுடைய முதல் விசேஷம், முதல் பந்தி. உள்ளங்கையில் ஊற்றினாள். நக்கிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நல்லா இருக்கு என்பது பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"உப்பு ஜாஸ்தி" என்றேன். "ரொம்பவே ஜாஸ்தி."

அவள் முகம் ஒரு நொடி வாடியது. அடுத்த நொடி ஓடிப்போய், வேகவைத்து எடுத்து வைத்திருந்த பருப்பில் ஒரு பாத்திரம் கரைத்து ஊற்றி, மறுபடி கொதிக்கவிட்டாள். பந்தியைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று கத்தினாள். இரண்டாவது கரண்டியைக் கொண்டுவந்தபோது சரியாக இருந்தது, சரியாக இருக்கிறது என்றேன். இந்தத் தடவை அவள் என் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை. நான் சொன்ன வார்த்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவு வருடச் சிநேகிதத்தில் அன்றுதான் நான் அவளுக்கு ஏதோ கொடுத்ததுபோல் இருந்தது.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. அதற்கப்புறம் அவளை இரண்டு மூன்று வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு வீட்டிலும் முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறாள். ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். ஓவர்லாக் மெஷினை இன்னும் முழுதாக விடவில்லை. வாசனை இன்னும் வரவில்லை.

எனக்குத்தான் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது ஒன்றைச் செய்து கொண்டுவந்து வைத்து, என் முகத்தைப் பார்த்து, நல்லா இருக்கா என்று கேட்டால் முன்போல் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை, அவர்கள் கேட்பது பாராட்டையா உதவியையா என்று எனக்குத் தெரியாதே என்ற நினைப்பு முதலில் வந்துவிடுகிறது.